கிழக்குச் சுவருக்குக் காவல்

“எனக்கு அழுகை வரமாட்டேங்குதுங்க, அம்மை.”

அத்தியப்பன் இதைச் சொல்லிவிட்டு மடத்து வஞ்சியம்மையின் காலில் விழுந்தார். விழும்போது முழங்கால் இரண்டும் மடக்கென்று சத்தம் போட்டன.

அவருக்கு அறுபது நெருங்குகிறது. அம்மைக்கு நாற்பதுதான். மூத்தவர் இளையவள் காலில் விழலாமா என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு விட்டுவிட்டுப் போகலாம். தாகம் எடுத்தவன் கிணற்றுக்கு வயசு கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எந்திரிங்கண்ணா. வெங்காயம் உரிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“வந்துச்சா?”

“வந்துச்சுங்க. ஆனா அது வெங்காயத்துக்கு வந்தது.”

அம்மை இப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பக்கத்தூரு ஒப்பாரிக்காரம்மாகிட்டயும் போனேனுங்க. அந்தம்மா பாடிப் பாடிக் கடைசியில அவங்களே அழுதுட்டாங்க. நான்தான் தண்ணி மோந்து குடுத்து ஆத்திட்டு வந்தேன்.”

“யாரு போனது?”

“எங்க ஊட்டுக்காரிங்க. பாவாத்தா.”

“எப்ப?”

“மாசியிலீங்க.”

இப்போது சித்திரை. மலையடிவாரத்து மடத்தில் வேப்பம்பூ உதிர்ந்து வாசலெல்லாம் கிடந்தது.

அத்தியப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் அவர் வெசனம் புரியும்.

ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, பந்திக்கு நிற்பது அவர்தான். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு ரசவாளி. “அந்தக் கடைசி எலைக்குப் பொரியல் போகல பாரு,” என்று ஒரு குரல் கேட்டால் அது அத்தியப்பன் குரல். பசித்த வயிற்றோடு ஒருவரை வாசல் தாண்ட விடமாட்டார். பாவாத்தாளும் அப்படித்தான். ஏற்ற ஜோடி என்று ஊர் சொல்லும்.

அந்தப் பாவாத்தாள் ஒருநாள் விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள், கட்டுத்தரையிலேயே சாய்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வந்துவிட்டது.

பாடை தூக்கும் நேரம். ஊரே கதறுகிறது. பாவாத்தாளின் தம்பிமார் நெஞ்சில் அறைந்துகொண்டு புரள்கிறார்கள். அத்தியப்பன் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போய், “தாராபுரத்து ஆளுகளுக்கு டீ போச்சா? பெரியவங்க வெறும் வயித்தோட வெயில்ல நிக்கறாங்க பாரு,” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது மகள் மரகதத்தின் காதில் விழுந்தது.

“எங்கம்மா பாடையில கெடக்கறா. உங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. டீ கேக்கறீங்களாப்பா நீங்க?”

அவர் கண்ணைத் துடைத்துப் பார்த்தார். காய்ந்த கை காய்ந்தபடியே இருந்தது.

கருமாதிக்கு ஊர் வழக்கப்படி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அதையும் யாரோ மரகதத்திடம் போய், “உங்கம்மா வாடை போறதுக்குள்ள உங்கப்பன் வெள்ளையடிச்சுட்டானே,” என்று ஊதிவிட்டார்கள். ஊதுகிறவர்களுக்கு எந்த ஊரில் பஞ்சம்! அன்றோடு மகள் பேச்சை நிறுத்தினாள்.

“இப்பப் புள்ள முழுகாம இருக்குதுங்க. எட்டு மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானுங்களே பாக்கோணும்? எங்கக்காவும் கூட வந்திருந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. இவ வரமாட்டேங்கறா. அழத் தெரியாத மனுசன் ஊட்டுல எம்புள்ள கண்ணு முழிக்க வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்பிட்டா. ஒம்பது பொறந்தா மாப்பிள்ளையோட அத்தை ஊட்டுக்குப் போறாளாமா.”

அவர் குரல் இறங்கியது.

“அங்க போயிட்டாள்னா அப்புறம் எம்படி ஏற மாட்டாளுங்க. எனக்கு அவளும் இல்லைன்னு ஆயிடும். அதுக்குள்ள எப்பிடியாவது அழக் கத்துக் குடுங்க. மந்திரம் கிந்திரம் இருந்தாலும் சரி.”

அம்மை புளியைக் கூடையில் தள்ளினாள்.

“சுண்ணாம்பு முழுசா அடிச்சீங்களா?”

“அடிச்சேனுங்க.” சற்றுத் தயங்கினார். “ஒரு எடம் மட்டும் விட்டுப்போச்சுங்க.”

“ஏன்?”

“தெரியலீங்க. கை போகல.”

எங்கே என்று அம்மை கேட்கவில்லை. எழுந்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

மடத்தில் இரண்டு கட்டடம். ஒன்று, திருப்பூர்க்காரர் ஒருவர் கட்டிக் கொடுத்த சிமெண்ட் ஹால். பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். இன்னொன்று மண் அறை. மடம் தொடங்கிய காலத்தில் செம்மண்ணை மிதித்து, ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த படை வைத்து எழுப்பியது. சுவர் கனம் ஒரு முழம் இருக்கும். புளி, உப்பு, ஆமணக்கு எல்லாம் அதில்தான் கிடக்கும்.

அம்மை அந்த அறைக்குள் போய்க் கிழக்குச் சுவரைக் காட்டினாள்.

“காலையில இந்தச் சுவத்து மேல வெயில் அடிக்கும். அது எப்ப உள்ள வருதுன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க.”

“அழுகைங்க அம்மை?”

“வெயில் வந்த பொறவு பேசிக்கலாம்.”

அவ்வளவுதான். போய்விட்டாள். வஞ்சியம்மையிடம் வந்தவர்களுக்கெல்லாம் இதுதான் நடக்கும். உபதேசம் கேட்டு வந்தவன் மாட்டுச் சாணி அள்ளிவிட்டுப் போவான்.

மறுநாள் பொழுது கிளம்பும்போதே அத்தியப்பன் மண் அறைக்குள் உட்கார்ந்துவிட்டார். வெயில் சுவருக்கு வெளியே ஏறியது. உள்ளே ஓரிடத்தில் ஊசி மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்தது. இன்னோரிடத்தில் மஞ்சள் கிழங்கு அளவுக்கு ஒன்று.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பந்திக்கு நிற்கிற புத்தி சும்மா இருக்குமா? ஓட்டையைப் பார்த்தால் அடைக்கத்தான் தோன்றும். மண்ணைக் குழைத்தார். எலி போட்ட பொந்து, கறையான் தின்ற வழி, ஆணி பிடுங்கிய துளை, ஒன்றையும் விடவில்லை. கையெல்லாம் சேறோடு அம்மையிடம் வந்து நின்றார்.

“வெயில் உள்ள வந்துச்சுங்க. பூராத்தையும் அடைச்சுட்டேன். இனி வராதுங்க.”

அம்மை சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் நீர் கொட்டியது.

“பாருங்கண்ணா, எனக்குக்கூட வந்துடுச்சு.”

அத்தியப்பன் கோணிக்கொண்டு நின்றார்.

“ஓட்டையில வர்றது வெளிச்சம். நான் சுவத்து வழியா வர்ற வெயிலைக் கேட்டேன். தொட்டுப் பாருங்க.”

அடுத்த நாள் தொட்டுப் பார்த்தார்.

வெளியே போய்த் தொட்டார். தோசைக்கல்தான். கையை உதறினார். உள்ளே ஓடிவந்து அதே இடத்துக்கு நேரே தொட்டார். பானைத் தண்ணீர்போல் ஜில்லென்று இருந்தது. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. மடத்துக்கு வந்தவர்கள் இந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

உச்சிப் பொழுது தாண்டியது. வெயில் சுவரை விட்டு மேற்கே திரும்பியது. வெளிச் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடத்துப் பந்தியில் பரிமாறப் போய்விட்டார்.

வெயிலே போன பிறகு சுவரிடம் என்ன வேலை? அப்படித்தான் அவர் நினைத்தார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

“வரலீங்க அம்மை.”

“காலையெல்லாம் அடிச்சுதா?”

“அடிச்சுதுங்க. பாதம் பொரிஞ்சுபோச்சு.”

“வெளியில இப்பச் சூடு இருக்குதா?”

“இல்லீங்க. ஆறிப்போச்சு.”

“உள்ள?”

“ஜில்லுன்னு கெடக்குதுங்க.”

“அப்ப அத்தனை வெயிலும் எங்க போச்சு?”

அன்று அத்தியப்பன் சோறு சரியாக உண்ணவில்லை. சுவரின் ஒரு பக்கம் விழுந்தது. மறு பக்கம் வரவில்லை. விழுந்த பக்கத்திலும் இல்லை. களவு போனது மாதிரி அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

கையலம்பப் போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

“அம்மை, அது செத்த சுவருங்க. அதுக்குச் சூடு சொரணை கெடையாது. என்னைய மாதிரி. ஒலகமே வந்து மேல விழுந்தாலும் உள்ள ஒண்ணும் எறங்காது. இதைக் காட்டத்தான் உக்கார வெச்சீங்களா?”

கோபமாகத்தான் கேட்டார். மடத்தில் அம்மையிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

“நாளைக்கும் பாருங்க,” என்றாள் அம்மை.

அடுத்த நாள் காலையில் வெயில் கொளுத்தியது. மத்தியானத்துக்கு மேல் தெற்கே கறுத்தது. பொழுது இறங்கும் நேரத்தில் ஆலங்கட்டியோடு கோடை மழை பிடித்துக்கொண்டது. அன்று அமாவாசை, மடத்தில் அன்னதானம். வாசலில் போட்டிருந்த பந்தல் பிய்த்துக்கொண்டு போனது. நனைந்த ஜனத்தில் பாதி மண் அறைக்குள் ஓடியது. மீதி ஜனமும் அடுப்பும் அண்டாவும் ஹாலுக்குள் வந்தன.

அத்தியப்பனுக்குக் காலும் கையும் பறந்தன. மண் அறையில் ஒண்டியிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் குடை பிடித்து ஹாலுக்குக் கூட்டி வந்து இலை போட்டு உட்கார வைத்தார். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சாம்பார் கொதித்த ஆவியும் ஜனத்தின் மூச்சும் போக வழியில்லாமல் ஹால் சுவரெல்லாம் வேர்த்தது. பெயின்ட் மேல் கோடு கோடாக நீர் இறங்கியது. சாய்ந்து உட்கார்ந்தவர்கள் முதுகெல்லாம் ஈரம். சமையல் மேடையில் இருந்த உப்பு சொதசொதவென்று கசிந்து போயிருந்தது.

“கல்லுப்பு எடுத்துட்டு வர்றேன்,” என்று அவர் மண் அறைக்கு ஓடினார்.

அறை காலியாக இருந்தது. சற்று முன்வரைக்கும் அத்தனை ஈரச் சேலையோடு அத்தனை பேர் அடைந்து கிடந்த அறை. உப்புக் கூடையில் கை விட்டார். கலகலவென்று இருந்தது. சுவரைத் தடவினார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வாசற்படியில் அம்மை நின்றாள்.

“பாருங்க அம்மை,” என்றார் அத்தியப்பன். “அந்தச் சுவரு அழுது ஊத்துது. இதுக்கு இதுவும் தெரியல.”

“இங்க அத்தனை பேரு விட்ட மூச்சும், ஈரத்துணியும் எங்க போச்சு?”

அவர் மறுபடியும் சுவரைத் தடவினார்.

“குடிச்சு வெச்சிருக்குதுண்ணா. அதுக்குத் தெரியலைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

அம்மை கிட்டே வந்தாள். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கையில் இருந்த உப்புக் கிண்ணத்தையும் வாங்கினாள்.

“சித்த உக்காருங்க.”

“பந்திங்க அம்மை? மொத எலைக்கு ரசம்…”

“நான் பாத்துக்கறேன்.”

“கடைசி வரிசையில ஒரு சக்கரை நோவுக்காரம்மா…”

“நான் பாத்துக்கறேன்னு சொன்னேனில்ல. உக்காருங்க.”

அவர் வாழ்நாளில் பந்தித் துண்டை அவர் தோளிலிருந்து எடுத்தவர் யாரும் இல்லை. பொண்டாட்டி செத்த அன்றுகூட யாரும் எடுக்கவில்லை. “அத்தியண்ணன் இருக்கறாரு, பாத்துக்குவாரு,” என்று ஊரே விட்டுவிட்டது.

தோள் வெறுமையாக இருந்தது. கைக்கு வேலை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கிழக்குச் சுவரோரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார்.

சாய்த்தவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

சுவர் கதகதவென்று இருந்தது.

யாரோ அந்தப் பக்கம் அடுப்புப் பற்ற வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மழையில் தலையை நீட்டிக்கொண்டு ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தார். அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. கூரையின் இறவாணத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச் சுவர் குளிர்ந்து கிடந்தது. நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

மறுபடியும் உட்கார்ந்தார். இந்த முறை மெதுவாக, பயந்து பயந்து, முதுகு முழுவதையும் வைத்தார். நடு முதுகுக்கு அந்தச் சூடு வந்தது. இடுப்புக்கு வந்தது. ஈரச் சட்டை வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது.

“நீங்க போங்க. எனக்கு இங்கதான் எதமா இருக்குது.”

பாவாத்தாள் சொல்கிற வார்த்தை அது.

தினமும் விளக்கு வைத்ததும் அத்தியப்பன் கயிற்றுக் கட்டிலை வாசலில் போடுவார். “வெளியில வா புள்ள, காத்து பிச்சுக்கிட்டு வருது,” என்று கூப்பிடுவார். அவள் வரமாட்டாள். உள் வீட்டில் கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். எதமா இருக்குது, எதமா இருக்குது என்று அதையே சொல்வாள். மரகதம் பிறந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி. அத்தியப்பனோ, “காத்தை விட்டுட்டு மண்ணைக் கட்டிக்கிட்டு அழுவறா,” என்று கேலி பண்ணுவார்.

அவர் வீட்டுச் சுவரும் இதே செம்மண்தான். இதே ஒரு முழக் கனம்தான். அவள் மிதித்துக் கொடுக்க அவர் வைத்த சுவர். ஒருநாள், ஒரே ஒருநாள், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் முதுகைச் சாய்த்துப் பார்த்ததில்லை. என்ன எதம் என்று கேட்டதில்லை.

அத்தியப்பன் வாயைத் துண்டால் பொத்தப் போனார். துண்டு இல்லை.

அழுதார். எருது கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது தன் சத்தம்தானா என்று அவருக்கே தெரியவில்லை. “பாவாத்தா, பாவாத்தா,” என்று சுவரில் தலையைத் தேய்த்தார். “என்னைய விட்டுட்டுப் போயிட்டியே புள்ள. நான் என்ன பண்ணுவேன்.” மாசியில் ஊரே கேட்கக் காத்திருந்த அழுகை, சித்திரையில், ஒரு உப்புக் கூடைக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத நேரத்தில் வந்தது.

மழை விட்டது. பந்தியும் முடிந்தது. அம்மை விளக்கோடு வந்தாள்.

“வந்துடுச்சுங்களாண்ணா?”

“வந்துடுச்சுங்க.”

“எது?”

“காலையில அடிச்ச வெயிலுங்க.”

அம்மை விளக்கை மாடத்தில் வைத்தாள். துண்டை அவர் மடியில் போட்டாள். அதில் ரசக்கறை இருந்தது.

“நாளைக்கு மக ஊருக்குக் கெளம்புங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று ஒரு பயம் வந்துவிட்டது.

“அம்மை, அவ முன்னால போயி நின்னா எனக்கு அழுகை வருமுங்களா?”

“சுவத்தைக் கேளுங்க,” என்று அம்மை போய்விட்டாள்.

மகள் வீடு வெள்ளகோவிலில். அத்தியப்பன் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மாப்பிள்ளை, “வாங்க மாமா,” என்று நாற்காலி போட்டார். மரகதம் அறையை விட்டு வெளியே வர நேரமாயிற்று. வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றாள். தாயின் ஜாடை அப்படியே. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“சாமியாரம்மாகிட்டப் போயிருந்தீங்களாமா.”

“ஆமா கண்ணு.”

“அழக் கத்துக்கிட்டு வந்தாச்சா? எங்க, அழுங்க பாக்கலாம்.”

மாப்பிள்ளை, “மரகதம்!” என்றார்.

அத்தியப்பன் கண்ணை மூடினார். பாவாத்தாளை நினைத்தார். சுவரை நினைத்தார். கட்டுத்தரையில் அவள் சாய்ந்து கிடந்த விதத்தை நினைத்தார். ஒன்றும் வரவில்லை. கண் பாலைவனமாகக் கிடந்தது.

“இப்ப வராது கண்ணு,” என்றார். “எனக்கு நேரமாவும்.”

“நல்லா இருக்குது கதை.”

“ஒருநாள் ஊட்டுக்கு வா. காலையில வந்து வெளக்கு வெக்கிற வரைக்கும் இரு. அதுக்கு மேல உன் இஷ்டம். மாப்பிள்ளையோட அத்தை ஊட்டுக்கே போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

மரகதம் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“வர்றேன். உங்களுக்காக இல்ல. அம்மாவுது பழைய நூல் சேலை வேணும், தூளி கட்டறதுக்கு. எடுத்துக்கிட்டுப் பொழுதோட கெளம்பிருவேன்.”

சொன்னபடி வந்தாள். மாப்பிள்ளை காலையில் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பொழுதோட வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று போனார். அத்தியப்பனின் அக்கா நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். மரகதம் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் படியேறினாள்.

வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே மேற்கு அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு சேலையாக எடுத்து முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். மத்தியானம் அவர்தான் இலை போட்டார். ரசத்தைக் கலக்காமல் மேலாகத் தெளிவாக ஊற்றினார், அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். உண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தியப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டார். வாசலைப் பெருக்கினார். பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்கினார். பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. இந்தச் சேலைகளோடு அவள் போனால் போனதுதான்.

அக்கா விளக்கு வைத்தாள்.

மரகதம் சேலை மூட்டையைக் கட்டிவிட்டு எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தே, இடுப்பு கழண்டு உழுவுது. சித்த எங்காவது சாயறேன்.”

உள் வீட்டுக்கு வந்தாள். கிழக்குச் சுவருக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. நடுவில், ஒரு பொம்பிளை உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வருஷக்கணக்காகத் தலை சாய்த்துச் சாய்த்து ஊறிய விளக்கெண்ணெய்க் கறை. சுண்ணாம்பு அடித்த மட்டை போன தடம் நன்றாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் வரைக்கும் வந்து, கறையைச் சுற்றி வளைந்து, அந்தப் பக்கம் போயிருந்தது. ஒரு துளி சுண்ணாம்புகூட அதன்மேல் தெறிக்கவில்லை.

மரகதம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சுவரைப் பிடித்து உட்கார்ந்து, காலை நீட்டி, அந்தக் கறைமேல் தலையை வைத்தாள்.

“அப்பா!”

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“பின்னாடி அடுப்பு ஏதாச்சும் எரியுதா? சுவரு சுடுது.”

“இல்ல கண்ணு. காலையில அடிச்ச வெயில்.”

“இந்நேரத்துக்கா?”

“இப்பத்தான் உள்ள வந்து சேருது. எனக்கும் தெரியாது கண்ணு. உங்கம்மாளுக்குத் தெரிஞ்சிருக்குது. தெனமும் கூப்புடுவேன், வெளியில வா, வெளியில வான்னு. அவ…”

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அந்த எருதுச் சத்தம் வந்தது.

மரகதம் கை நீட்டி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள்.

அந்தச் சத்தம் விம்மலாக அடங்கியபோது வாசலில் கார் ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார். கதவு மறைத்ததில் அவருக்கு மரகதம் மட்டும்தான் தெரிந்தாள்.

“பொழுதாச்சு மரகதம், கெளம்பலாமா? மாமா எங்க, காலையில இங்கதான இருந்தாரு?”

மரகதம் எழுந்திருக்கவில்லை.

“நீங்க போயிட்டு வாங்க,” என்றாள். “எங்கப்பா இப்பத்தானுங்க வந்து சேர்றாரு.”